ஜனவரியில் ஆல்ப்ஸ் ஏரிக்கரை ஊர்களை ரயிலில் சுற்றினால் ஏதாவது தெரியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: ஜனவரி கடைசி வாரம், நீங்கள், மனைவி, 66 வயது அம்மா, மொத்தம் எட்டு நாள். சூரிச்சில் இறங்கி லூசர்ன், இன்டர்லாக்கன், மோன்ட்ரூ என்று ரயிலிலேயே சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். விசாவும் வந்துவிட்டது. இந்த நேரத்தில் நண்பர் ஒருவர், "ஏரியெல்லாம் உறைந்து கிடக்கும், மூடுபனியில் ஒன்றும் தெரியாது, பனி கொட்டினால் ரயிலும் நின்றுவிடும், பேசாமல் ஜூனுக்கு மாற்றிக்கொள்" என்று சொல்லியிருக்கிறார். போகலாமா வேண்டாமா என்று கேட்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை உங்கள் கவலை இதுதான்: இவ்வளவு செலவு செய்து, அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனால், கண்ணுக்கு ஏதாவது தெரியுமா?

தெரியும். குளிர்காலத்தில் சிறு குழுக்களை அழைத்துக்கொண்டு இந்தப் பாதைகளில் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. எந்த நாள் ஏரி, எந்த நாள் மலை என்று ஊரிலிருந்தே முடிவு கட்டிவிடாதீர்கள். அதை அந்தந்த நாள் காலையில்தான் தீர்மானிக்க வேண்டும். காரணத்தைச் சொல்வதற்கு முன்னால் நண்பர் சொன்ன மற்ற இரண்டையும் பார்த்துவிடலாம்.

நீங்கள் போகும் ஏரிகள் உறையாது. ஜெனிவா ஏரியின் ஆழம் 310 மீட்டர், பிரீன்ஸ் ஏரி 260, தூன் ஏரியும் லூசர்ன் ஏரியும் 200 மீட்டரைத் தாண்டும். கோடையில் வாங்கிய சூட்டை அவ்வளவு தண்ணீர் சீக்கிரம் விடாது. சூரிச் ஏரி முழுதாக உறைந்தது கடைசியாக 1963-ல். லூசர்ன் ஏரியில் ஜனவரியிலும் படகுகள் ஓடுகின்றன, எண்ணிக்கைதான் குறைவு. படங்களில் பார்க்கும் அந்தப் பால் கலந்த பச்சைநீல நிறத்தை மட்டும் பிரீன்ஸ் ஏரியில் எதிர்பார்க்காதீர்கள். பனியாறுகள் உருகிக் கொண்டுவரும் பாறைத்தூள்தான் அந்த நிறத்துக்குக் காரணம். குளிரில் உருகல் நின்றுவிடுவதால் தண்ணீர் கருநீலமாகத் தெளிந்து கிடக்கும். எனக்கு அதுவே பிடிக்கும், ஆனால் சொல்லிவைக்க வேண்டியது என் கடமை. ரயில் விஷயத்தில் நண்பர் பெரிதாகப் பயப்பட வேண்டாம். பனியில் ஓட்டுவதற்கென்றே கட்டிய பாதைகள் அவை. 1982 முதல் நாடு முழுக்க ஒரே ஒழுங்கில் நேர அட்டவணை ஓடுகிறது. ஒரு ஊரிலிருந்து 10.05-க்கு ரயில் என்றால் 11.05, 12.05 என்று பெரும்பாலும் மணிக்கு ஒன்று வந்துகொண்டே இருக்கும். ஒன்றைத் தவறவிட்டால் குடி முழுகிப் போய்விடாது. நான் மேலே சொன்ன நிபந்தனை சாத்தியமாவதே இந்த அட்டவணையால்தான்.

மூடுபனி விஷயத்தில் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வடமேற்கே ஜூரா மலை, தென்கிழக்கே ஆல்ப்ஸ், நடுவே சுவிட்சர்லாந்தின் பெரிய நகரங்கள் இருக்கும் தாழ்நிலம். காற்று அசையாத குளிர்கால நாட்களில் கனமான குளிர்காற்று, அண்டாவில் ஊற்றிய தண்ணீர்போல, இந்தப் பள்ளத்தில் தேங்கிவிடும். அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடியாக உட்கார்ந்துகொள்ளும். கீழே இருக்கும் ஈரம் மேலே போக வழியின்றித் தாழ்மேகமாகத் திரண்டு நாள்கணக்கில் நிற்கும். சூரிச், லூசர்ன், ஜெனிவா ஏரிக்கரை எல்லாம் அப்போது சாம்பல் நிறம்தான். ஆனால் அந்த மேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பெரும்பாலும் 800 முதல் 1,000 மீட்டர் உயரத்தோடு முடிந்துவிடும். பீஸ் என்று அங்கே சொல்லும் வடகிழக்குக் குளிர்காற்று வீசினால் 1,500 மீட்டர்வரையிலும் ஏறலாம். அதற்கு மேலே ஒரு துளி மேகம்கூட இல்லாத நீல வானம், கண்ணைக் கூச வைக்கும் வெயில். பல நாட்களில் ஏரிக்கரையைவிட மலைமேல் வெப்பம் அதிகமாகவே இருக்கும். உங்கள் நண்பர் கீழேயே சுற்றிவிட்டு வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர்மாறான நாட்களும் உண்டு. மேற்கிலிருந்து காற்றழுத்தத் தாழ்வு வரும்போது மலைமேல் பனி கொட்டும், எதிரே நிற்கும் ஆள்கூடத் தெரியாது. அன்றைக்குக் கீழே ஏரிக்கரையில் மேகம் கிழிந்து, விட்டுவிட்டு வெளிச்சம் வரும். ஆக, ஏரிக்கு நல்ல நாளும் மலைக்கு நல்ல நாளும் வேறுவேறாகவே இருக்கும். அந்த வாரத்தில் எது எத்தனை நாள் கிடைக்கும் என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது. மலை ரயில்கள் எல்லாவற்றிலும் மேலே வெப்கேம் வைத்து நேரடியாகக் காட்டுகிறார்கள். காலை எழுந்ததும் அதைப் பாருங்கள், அப்புறம் ரயிலைத் தேர்ந்தெடுங்கள். ஜனவரி இறுதியில் எட்டு மணி வாக்கில்தான் விடியும், மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். அதனால் காலை உணவின்போதே முடிவெடுத்துக் கிளம்பிவிடுங்கள்.

இப்படி மாற்றிக்கொள்ள வேண்டுமானால் தினம் ஒரு ஊரில் தங்கக் கூடாது. எட்டு நாளுக்கு நான்கு தங்கல் போதும். என் யோசனை: லூசர்னில் இரண்டு இரவு, மலைப்பக்கம் மூன்று இரவு, மோன்ட்ரூவில் ஒன்று, கடைசி இரவு சூரிச்சில். மலைப்பக்கம் என்றது இன்டர்லாக்கனை நினைத்து அல்ல. அந்த ஊர் 570 மீட்டர் உயரத்தில் இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கிறது, தாழ்மேகம் அங்கேயும் புகும் நாட்கள் உண்டு. இன்டர்லாக்கனிலிருந்து லாட்டர்புருன்னன் போய், அங்கே பல்சக்கர ரயில் (தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்சட்டத்தைப் பற்றி ஏறும் வண்டி) மாறினால் கொஞ்ச நேரத்தில் வெங்கன், அங்கேதான் தங்கச் சொல்கிறேன். உயரம் 1,274 மீட்டர், கார் இல்லாத ஊர். லாட்டர்புருன்னனில் தங்கலாமே என்று பலர் கேட்பார்கள். அருவிகள் விழும் அழகான பள்ளத்தாக்குதான், ஆனால் இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக ஓடுவதால் அங்கே வெயில் எட்டிப்பார்க்கும் நேரம் மிகக் குறைவு. 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டாப்பாக் அருவியும் ஜனவரியில் மெலிந்திருக்கும். பாறைக்குள் ஓடும் ட்ரும்மல்பாக் அருவிகள் குளிர்காலம் முழுக்க மூடியே இருக்கும். வெங்கனுக்கு மேலே லாபர்ஹார்ன் பனிச்சறுக்குப் போட்டி ஜனவரி நடுவில் நடக்கும், அந்த நாட்களில் அறையும் கிடைக்காது, ரயிலில் நிற்கவும் இடமிருக்காது. நீங்கள் கடைசி வாரம் போவதால் அந்த நெரிசல் முடிந்திருக்கும். பிப்ரவரியில் பள்ளி விடுமுறைகள் தொடங்கினால் மறுபடியும் கூட்டம். உங்கள் தேதி நல்ல தேதி.

லூசர்னில் காலையில் கண்விழித்து வெளியே சாம்பலாக இருந்தால் வருத்தப்படாதீர்கள், அன்றைக்கே ரீகி மலைக்குப் போங்கள். ஒரு மணி நேரம் படகில் போனால் விட்ஸ்னாவ். அங்கிருந்து ரீகி உச்சிக்குப் போகும் பாதைதான் ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில், 1871-ல் திறந்தது. ஊட்டி மலை ரயிலில் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பார்த்திருப்பீர்களே, அந்தத் தொழில்நுட்பத்தின் தாய்வீடு இது. ஊட்டி வண்டியைத் தள்ளி ஏற்றிய நீராவி எஞ்சின்களில் பல சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் ஆலையில் செய்யப்பட்டவை. விட்ஸ்னாவில் ஏறும்போது ஜன்னலுக்கு வெளியே பத்தடி தூரம்கூடத் தெரியாது. கொஞ்ச தூரம் ஏறியதும் மரங்களின் ஒவ்வொரு ஊசியிலையிலும் வெள்ளை உறைபனி முள்முள்ளாக ஒட்டியிருப்பது தெரியும். மேகத்தின் மேல்விளிம்பு நெருங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அடுத்த ஓரிரு நிமிடத்தில் பெட்டிக்குள் வெயில் அடிக்கும், எல்லோரும் ஒரே நேரத்தில் கறுப்புக் கண்ணாடியைத் தேடுவார்கள். மேலே 1,700 மீட்டரைத் தாண்டிய இடத்தில் இறங்கிப் பார்த்தால், காலையில் நீங்கள் நின்ற ஊர், ஏரி எல்லாம் மேகக் கடலுக்கு அடியில். சிகரங்கள் மட்டும் வெளியே நிற்கும். ஜூனில் இந்தக் காட்சி கிடைப்பது அபூர்வம். பிலாட்டஸ் மலையின் செங்குத்து ரயிலும் லூசர்ன் பக்கம்தான், ஆனால் அது குளிர்காலத்தில் ஓடாது. கிரீன்ஸ் பக்கமிருந்து கேபிள் கார் உண்டு.

லூசர்னிலிருந்து இன்டர்லாக்கன் போகும் ரயில் பிரூனிக் கணவாய் வழியாக இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும். லூசர்னில் ஏறும்போது வண்டி போகும் திசையில் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். சார்னன் ஏரி, லுங்கர்ன் ஏரி இரண்டும் வலப்பக்கம் வரும். கீஸ்வில் தாண்டியதும் பல்சட்டத்தில் ஏறத் தொடங்கும், வண்டியின் சத்தமும் அதிர்வும் மாறுவதை உட்கார்ந்த இடத்திலேயே உணரலாம். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறி மைரிங்கனில் இறங்கும். அங்கே வண்டி திசை மாறி, வந்த பக்கமாகவே கிளம்பும். புதிதாக வருபவர்கள் பதறிப்போய் இடம் மாற்றுவார்கள். நீங்கள் மாற்ற வேண்டாம். திசை திரும்பியதால் உங்கள் ஜன்னல் இப்போது இடப்பக்கம் ஆகிவிட்டது, பிரீன்ஸ் ஏரியும் இடப்பக்கம்தான். தண்ணீருக்கு மிக அருகிலேயே இன்டர்லாக்கன்வரை ஓடும்.

யுங்ஃபிராவ்யோஹ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பயணத்தில் அதிகம் செலவாகும் டிக்கெட் அதுதான். 3,454 மீட்டர், ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையம். 1896-ல் தொடங்கி 1912-ல் முடித்தார்கள். திட்டத்தைத் தொடங்கிய அடோல்ஃப் கூயர்-செல்லர் 1899-லேயே இறந்துவிட்டார். கடைசி 7 கிலோமீட்டருக்கு மேல் ஐகர், மோன்ஹ் சிகரங்களின் வயிற்றுக்குள்ளேயே ஏறும். மேலே வானம் தெளிவாக இருந்தால் 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அலெட்ச் பனியாறு காலடியில் கிடக்கும். மேகம் மூடியிருந்தால் வெள்ளைச் சுவர் மட்டுமே. இந்த டிக்கெட்டை மட்டும் மாதங்களுக்கு முன்பே தேதி போட்டு வாங்காதீர்கள். ஜனவரிச் சாதாரண நாட்களில் பெரும்பாலும் அன்று காலையே கிடைத்துவிடும். வெங்கனிலிருந்து கிளைன ஷைடெக் வழியாக ரயிலில் ஏறுங்கள். திரும்பும்போது ஐகர்கிளெட்ஷரில் இறங்கி, 2020 டிசம்பரில் திறந்த ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் காரில் கிரின்டல்வால்ட் போனால் 15 நிமிடம், போன வழியிலேயே திரும்பாமல் மறுபக்கத்தையும் பார்த்துவிடலாம். பலமான காற்றடித்தால் கேபிள் கார்களை நிறுத்துவார்கள், பல்சக்கர ரயில் அப்போதும் பெரும்பாலும் ஓடும்.

அம்மாவுக்கு அந்த உயரம் சரிவருமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான், அதுவும் இரண்டு மணி நேரத்துக்குள் அவ்வளவு உயரம் ஏறுகிறீர்கள். தலைவலி, தலைசுற்றல், படியேறினால் மூச்சுவாங்கல் இளைஞர்களுக்கே வரும். இதயம், நுரையீரல், ரத்த அழுத்தம் எதற்காவது மாத்திரை எடுக்கிறார் என்றால் கிளம்பும் முன் அவருடைய மருத்துவரிடம் இந்த 3,454 என்ற எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கொஞ்சம் சந்தேகம் என்றாலும் முர்ரன் போங்கள். லாட்டர்புருன்னனிலிருந்து கேபிள் கார், பிறகு மலை விளிம்பிலேயே ஓடும் சிறிய ரயில். உயரம் 1,638 மீட்டர். ஐகர், மோன்ஹ், யுங்ஃபிராவ் மூன்றும் நேர் எதிரே நிற்கும். ஒருவரை மட்டும் அறையில் விட்டுவிட்டு மற்றவர்கள் மேலே போவதைவிட, மூன்று பேரும் முர்ரனில் வெயிலில் உட்கார்ந்திருப்பது மேல் என்பேன்.

இன்டர்லாக்கனிலிருந்து மோன்ட்ரூவுக்கு கோல்டன்பாஸ் எக்ஸ்பிரஸ். 2022 டிசம்பர் 11 முதல் ஓடுகிறது, மூன்றேகால் மணி நேரம். ஸ்பீஸ்வரை தூன் ஏரி வலப்பக்கம் கூடவே வரும். இந்தப் பாதையில் இன்டர்லாக்கன் பக்கம் தண்டவாள இடைவெளி 1,435 மில்லிமீட்டர். மோன்ட்ரூ பக்கம் மீட்டர் பாதை. அதனால் முன்பெல்லாம் ஸ்வைசிம்மனில் இறங்கி வேறு வண்டி ஏற வேண்டும். இப்போது வண்டியே தன் சக்கர இடைவெளியை மாற்றிக்கொள்கிறது. ஸ்வைசிம்மனில் ஒரு சிறப்புச் சட்டத்தின்மேல் மெதுவாக உருளும்போது சக்கரங்கள் உள்ளே நகர்கின்றன, இரு பக்க நடைமேடைகளின் உயரம் வேறு என்பதால் பெட்டியின் உயரமும் கூடவே மாறுகிறது. உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, அம்மா சூட்கேஸைத் தூக்க வேண்டியதில்லை. வழியில் வரும் ஷாட்டோ-டேவில் வழக்கமாக ஜனவரி இறுதியில் வெப்பக்காற்று பலூன் விழா நடக்கும், தேதி ஒத்துவந்தால் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். 1999-ல் நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் பலூன் கிளம்பியது அந்த ஊரிலிருந்துதான். இந்தப் பாதையை மோன்ட்ரூ நோக்கிப் போகும் திசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பனி மூடிய பள்ளத்தாக்குகளில் ஓடிவிட்டு, ஜமான் சுரங்கம் தாண்டிக் கீழிறங்கத் தொடங்கும்போது ஜெனிவா ஏரி மொத்தமாகக் கண்முன் விரியும். தாழ்மேகம் இருந்தால் ஏரி இருக்கும் இடத்தில் மேகக் கடல் இருக்கும். மோன்ட்ரூ ஏரிக்கரை நடைபாதை சமதளம், அம்மாவுக்கு வசதி. சில்லோன் கோட்டை குளிர்காலத்திலும் திறந்திருக்கும்.

உறைந்த ஏரியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று உங்கள் மனைவி ஆசைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு மோன்ட்ரூவை விட்டுவிட்டு கிழக்கு சுவிட்சர்லாந்தின் பெர்னினா ரயில் பாதைக்குப் போக வேண்டும். கூரிலிருந்து இத்தாலியின் டிரானோவரை நான்கு மணி நேரத்துக்கும் மேல், 55 சுரங்கம், 196 பாலம். கணவாய் உச்சி 2,253 மீட்டர். பல்சட்டமே இல்லாமல் ஏறுகிறது. உச்சியில் லாகோ பியாங்கோ ஏரி குளிர்காலத்தில் இறுகி, பனி மூடி, ஏரி எங்கே முடிகிறது கரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கிடக்கும். பெரிய கண்ணாடி வைத்த பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவு கட்டாயம். அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலுக்கு முன்பதிவு வேண்டாம். அதில் பல பெட்டிகளில் ஜன்னலை இறக்கவும் முடியும், படம் எடுப்பவர்களுக்கு அதுவே நல்லது. டிரானோவிலிருந்து மிலானுக்குப் போகும் ரயில் வரென்னா வழியாக கோமோ ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டி ஓடும், வலப்பக்கம் உட்காருங்கள். ஆனால் அப்படிப் போனால் ஊர் திரும்பும் விமானம் மிலானிலிருந்து இருக்க வேண்டும். எட்டு நாளில் மோன்ட்ரூ, பெர்னினா இரண்டையும் திணித்தால் அம்மா களைத்துவிடுவார்.

டிக்கெட்டைப் பொறுத்தவரை, இந்த மாதிரிப் பயணத்துக்குத் தொடர்ச்சியாக 8 நாள் செல்லும் சுவிஸ் டிராவல் பாஸ் பொருந்தும். ரயில், படகு, நகரப் பேருந்து எல்லாம் அதில் அடக்கம். முர்ரனும் வெங்கனும் அடக்கம், வெங்கனுக்கு மேலே யுங்ஃபிராவ்யோஹுக்குத் தள்ளுபடி மட்டும். விலை ஆண்டுதோறும் மாறுவதால் அதிகாரபூர்வ தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நாளுக்கு அல்லது ஒரே ரயிலுக்கு மட்டும் செல்லும் சலுகை டிக்கெட்டுகள் மலிவாகத் தெரியும், ஆனால் காலையில் மனம் மாற்றும் உரிமையை அவை பறித்துவிடும். ரயிலுக்குள் நன்றாகச் சூடாக இருக்கும், ஆகவே ஒரே தடிமனான கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் போதும். செருப்புக்கடையில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். இங்கே முதியவர்களுக்கு ஆபத்து குளிரால் அல்ல, வெங்கன் போன்ற ஊர்ச் சரிவுகளில் இறுகிக் கிடக்கும் பனிக்கட்டியால். காலணியின்மேல் மாட்டும் சிறிய முள்பட்டை அங்கேயே கடைகளில் கிடைக்கும், அம்மாவுக்கு முதல் நாளே வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய ரயில் நிலையக் கடைகளைத் தவிர மற்றவை பெரும்பாலும் மூடியிருக்கும். ஃபோண்டூ என்னும் உருக்கிய பாலாடைக்கட்டி உணவில் வெள்ளை ஒயின் சேர்ப்பார்கள், அம்மா சாப்பிடுவதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள். மலையும் ஏரியும் இரண்டுமே மூடிக்கொண்ட நாளில் இன்டர்லாக்கனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பேர்ன் போய்விடலாம். அங்கே ஐரோப்பாபிளாட்ஸில் 2014-ல் திறந்த சமயங்களின் இல்லத்துக்குள் ஈழத் தமிழர்கள் நடத்தும் சைவக் கோயில் இருக்கிறது, வழிபாடு தமிழில் நடக்கிறது.

கடைசி இரவை ஏன் சூரிச்சில் போடச் சொன்னேன் என்றால், பனி அதிகமாகக் கொட்டினால் பனிச்சரிவு அபாயத்தால் உயரமான பள்ளத்தாக்குகளின் ரயிலைச் சில நேரம் நிறுத்திவிடுவார்கள். 2018 ஜனவரியில் செர்மாட் ஊருக்குச் சாலையும் ரயிலும் அடைபட்டு, சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். உங்கள் பாதையில் அந்த அளவுக்கு நடக்க வாய்ப்பு குறைவு, ஆனாலும் விமானத்துக்கு முந்தைய இரவு மலைமேல் இருக்க வேண்டாம். சூரிச் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம், நகரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம். மோன்ட்ரூவிலிருந்து சூரிச் வரும் நாள் வெயிலடித்தால் லொசானில் வண்டி மாறும் முன் இடப்பக்கம் உட்காருங்கள், லாவோ திராட்சைத் தோட்டங்களுக்குக் கீழே ஏரி ஜன்னலை ஒட்டியே வரும்.